8,760 மணி நேரத்தில் வெறும் 100 மணி நேர மழை: வானத்திலிருந்து இந்தியாவைப் படிக்கக் கற்றுத்தந்த பி.ஆர்.பிஷாரடி யார்?

2024 அக்டோபர் 25. மதுரையில் அன்று பிற்பகல் 3 மணிக்குப் பிடித்த மழை, 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியதாக அரசு சொன்னது. அந்த நாளின் மொத்த மழை சுமார் 10 செ.மீ. செல்லூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், பல வீடுகளுக்குள்ளும் தண்ணீர்.

இப்படி ஒரு மழை பெய்யும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். வானத்துல இத்தனை செயற்கைக்கோள் சுத்துதே, ஒண்ணு கூடவா முன்னாடியே சொல்லல?

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடினால், ஒரு பழைய காலேஜ் வாத்தியாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. திருச்சியில் படித்து, சென்னையில் இயற்பியல் பாடம் எடுத்து, பிறகு மழையைப் பின்தொடர்ந்து போனவர். இந்தியாவில் செயற்கைக்கோள் தொலையுணர்வின் தந்தை என்று அழைக்கப்படுபவர். பெயர், பிஷாரத் ராம பிஷாரடி. சுருக்கமாக பி.ஆர்.பிஷாரடி.

விக்ரம் சாராபாயைத் தெரிந்த அளவுக்கு, ஏன், அன்னா மணியைத் தெரிந்த அளவுக்குக்கூட இவரை நம் தலைமுறைக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு உங்கள் போனில் மேகப் படத்தைப் பார்த்து 'நைட்டு மழை இருக்கு' என்று ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள் இல்லையா? அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று இந்தியாவில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த ஆட்களில் முக்கியமானவர் இவர்.

திருச்சியில் படிப்பு, சென்னையில் வாத்தியார் வேலை

1909 பிப்ரவரி 10-ல் பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் பிறந்தார். கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு கொல்லங்கோடு உண்டு, அது வேறு. இது பொள்ளாச்சி தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருக்கிற ஊர். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற வாசல் என்று சொல்லலாம். மழையை ஆராயப் போகிற ஒருவர் பிறக்கப் பொருத்தமான இடம்தான்!

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. 1932-லிருந்து 1941 வரை கிட்டத்தட்ட பத்து வருடம் கல்லூரி விரிவுரையாளர். சென்னை லயோலா கல்லூரியில் பாடம் எடுத்தார்.

கோடை விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். இவர் பெங்களூருக்குப் போனார். இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி.ராமனிடம் ஆய்வு மாணவராக வேலை பார்த்தார். 1930-ல் நோபல் பரிசு வாங்கிய அதே ராமன். ஒளி ஒரு பொருளில் பட்டு வெளியே வரும்போது அந்தப் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் ராமனின் வாழ்நாள் ஆர்வம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தென்னந்தோப்புக் கதையில் தேவைப்படும்.

33 வயதில் துறை மாற்றம்

1942-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். போர் விமானங்கள் பறக்க வானிலைத் தகவல் வேண்டும். அதனால் துறை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. இயற்பியல் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், 33 வயதில் கரியர் ஸ்விட்ச்.

அதோடு நிற்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டி மறுபடி மாணவரானார். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வானிலையியலில் முதுகலை, 1954-ல் முனைவர் பட்டம். அங்கே அவர் வேலை செய்தது ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற நார்வேக்காரருடன். புயல்கள் எப்படி உருவாகி வளர்கின்றன என்று முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஒரு மாதிரியை வகுத்தவர். இப்போது எல்லோரும் பேசுகிற எல் நினோவை, கடலும் காற்றும் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்று 1969-ல் விளக்கியவரும் இவரே.

ஆனால் ஐரோப்பிய வானிலையியலை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது. அங்கே குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதுகிற எல்லையில் மழை பெய்கிறது. நம்ம ஊர் பருவமழையின் கணக்கே வேற. பிஷாரடியின் அடுத்த பதினைந்து வருட வேலையைப் பார்த்தால், இந்த வித்தியாசத்தைத்தான் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடிமழை, மலை தடுத்துப் பெய்யும் மழை, குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மழை கொண்டுவரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்று வரிசையாக எழுதினார். 1957-ல் ஜி.சி.அஸ்னானியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் பாடம். தென்மேற்குப் பருவத்தில் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒடிசா வழியாக மேற்கு நோக்கி நகரும்போது, அதன் மையத்தைச் சுற்றி மழை சமமாகப் பெய்யாது. மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிற பகுதியில்தான் கனமழை குவியும். அதாவது தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது, நீங்கள் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டி.வி.யில் அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கும் இது பொருந்தும்.

இன்னொரு பெரிய கேள்வி. பருவமழைக்கான இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது? 1960-களின் முதல் பாதியில் பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலைக் கப்பல்களாலும் விமானங்களாலும் அலசின. அந்தத் தரவுகளை வைத்து, அரபிக் கடலிலிருந்து ஆவியாகும் நீர்தான் பெரும்பங்கு என்று 1965-ல் பிஷாரடி கணக்குச் சொன்னார். 1970-களில் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி தெற்கிலிருந்து வரும் ஈரம்தான் அதிகம் என்றார்கள். அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை அளந்து பார்க்க முடியும் என்று ஆக்கியதில் இவருடைய பங்கு பெரிசு.

1959-ல் கொலாபா, அலிபாக் காந்தப்புல ஆய்வகங்களின் இயக்குநர். 1962-ல் புனேயில் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர். இப்போது அது ஐ.ஐ.டி.எம். (நம்ம ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று நினைக்கிறார்கள். இது வேறு!) பருவமழையை மாதிரிகள் மூலம் கணிக்கிற வேலையில் இன்றும் முன்னணியில் இருக்கிற நிறுவனம் அது.

ரிட்டயர்டு ஆன பிறகுதான் அசல் ஆட்டம்

1967-ல் புனே நிறுவனத்திலிருந்து ஓய்வு. சாதாரணமாக இங்கே வாழ்க்கை வரலாறு முடிந்துவிடும். பிஷாரடி அகமதாபாத் போனார். அங்கே விக்ரம் சாராபாயின் இயற்பியல் ஆய்வகத்தில் மூத்த பேராசிரியர்.

அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 பறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. நிலத்தையும் பயிரையும் படமெடுப்பதற்கென்றே அமெரிக்கா அனுப்பிய லேண்ட்சாட் 1972-ல்தான் வருகிறது. இந்தியாவிடம் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் கிடையாது. அப்படியிருக்கும்போது, செயற்கைக்கோள் படத்தால் இந்தியாவுக்கு என்ன பயன் என்று எப்படி நிரூபிப்பது?

பதில் தென்னந்தோப்பில் கிடைத்தது.

கேரளத்தில் தென்னைக்கு வேர் வாடல் நோய் என்று ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஓலை தொய்ந்து வளையும், மஞ்சளாகும், காய்ப்பு குறையும். மரம் உடனே சாகாது, வருடக்கணக்கில் நலிந்துகொண்டே போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இப்போது விவசாயிகள் மரத்தை வெட்டிப் போட்டுக் கண் கலங்குகிறார்களே, அதே நோய்தான். இதில் ஒரு தலைவலி என்னவென்றால், நம் கண்ணுக்கு அறிகுறி தெரிவதற்குள் நோய் பக்கத்து மரங்களுக்கும் போயிருக்கும்.

1970-ல் பிஷாரடியின் குழு ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் ஃபிலிமில் கேரளத் தென்னந்தோப்புகளை மேலிருந்து படமெடுத்தது. இந்தியாவில் தொலையுணர்வுப் பயன்பாட்டின் பிள்ளையார் சுழி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அகச்சிவப்பு எதுக்கு? இலை நமக்குப் பச்சையாகத் தெரியக் காரணம், அது சூரிய ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஆரோக்கியமான இலை அதைவிடப் பல மடங்கு திருப்பி அனுப்புகிறது. இலையின் உள்ளே செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் அப்படி. மரம் நோயில் விழுந்தால் அந்த உள்கட்டமைப்பு குலையும், அகச்சிவப்பு மங்கும். பச்சை நிறம் முழுசாக மாறுவதற்கு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடலாம். அந்த ஃபிலிமில் நல்ல மரம் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். நோய் மரம் மங்கலாகத் தெரியும். ராமனின் ஆய்வகத்தில் ஒளியோடு பழகிய மனிதர், முப்பத்தைந்து வருடம் கழித்து அதே ஒளியை வைத்துத் தென்னைக்கு நோய் பார்க்கிறார்!

இன்றைக்குப் பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் மதிப்பிடுவதிலிருந்து வறட்சிக் கணக்கெடுப்பு வரை பயன்படுகிற தாவரக் குறியீடு எல்லாம் இதே சிவப்பு - அகச்சிவப்பு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இந்தப் பரிசோதனையில் எளிதாக மறந்துவிடக் கூடிய ஒரு பகுதி உண்டு. படத்தில் மங்கலாகத் தெரிகிற மரம் நிஜமாகவே நோய் மரமா என்று யாராவது தோப்புக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தொலையுணர்வுக்காரர்கள் இதைக் களச் சரிபார்ப்பு என்பார்கள். மேலிருந்து எடுத்த படம் பாதி பாடம்தான். மீதி பாதி தரையில் இருக்கிறது.

அதே 1970-ல் பத்மஸ்ரீ. 1972 முதல் 1975 வரை இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வு, செயற்கைக்கோள் வானிலையியல் பிரிவின் இயக்குநர். 1971 கடைசியில் சாராபாய் திடீரென இறந்துபோன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. 1979-ல் பாஸ்கரா-1 புவியைப் படமெடுக்கப் போனது. 1983-ல் இன்சாட்-1பி மேகப் படங்களை அனுப்ப ஆரம்பித்தது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்-1ஏ பறந்தபோது, நிலத்தைத் தொடர்ந்து படமெடுக்க நமக்கென்று ஒரு முழுமையான செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது. ஹெலிகாப்டரிலிருந்து அதற்கு 18 வருடம்.

100 மணி நேரக் கணக்கு

இத்தனை செய்தவர், வயதான காலத்தில் மிக எளிமையான ஒரு கணக்குக்காகப் பரவலாகப் பேசப்பட்டார். தண்ணீர் சேமிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் அந்த வருடத்து மழையின் பெரும்பகுதி சுமார் 100 மணி நேரத்துக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. நூற்றுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இதை மதுரைக்கு வைத்துப் பார்த்தால் சுருக்கென்று இருக்கும். மதுரையின் சராசரி ஆண்டு மழை சுமார் 85 செ.மீ. எப்போதும் மழை என்று பெயரெடுத்த லண்டனின் சராசரி சுமார் 60 செ.மீ.தான். ஆமாம், லண்டனைவிட மதுரையில் மழை அதிகம்! அங்கே அது வருடம் முழுக்கப் பூந்தூறலாகப் பரவுகிறது. இங்கே வடகிழக்குப் பருவத்தின் சில மாலைகளிலும், கோடை இடிமழையிலும் மொத்தமாக இறங்கிவிடுகிறது.

அந்த அக்டோபர் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. என்றால், வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் சுமார் இருபதில் ஒரு பங்கு, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் விழுந்திருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் அப்படிப் பெய்தால் நாலரைக் கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் 3,750 லோடு. தூறலுக்காகப் போட்ட சாக்கடை இதை எப்படித் தாங்கும்?

மதுரைச் சமவெளியில் இந்தக் கணக்குத் தெரிந்துதான் ஊரை அமைத்திருக்கிறார்கள் போல. மாடக்குளம், தல்லாகுளம், பீபிகுளம், உலகனேரி என்று பெயர்களிலேயே தண்ணீர் நிற்கிறது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலி அமைப்பு. 100 மணி நேரத்தில் வருவதைப் பிடித்துவைத்து, மீதி 8,660 மணி நேரத்துக்கு மடை திறந்து செலவு செய்கிற ஏற்பாடு. அந்தப் பெயர்களில் சிலவற்றில் இன்று குளம் இல்லை, பஸ் ஸ்டாப்தான் இருக்கிறது.

நம் பாடப் புத்தகத்தில் மழை எப்படி வருகிறது? மாவட்டம், சராசரி மழையளவு, பருவம் என்று ஓர் அட்டவணை. பரீட்சையில் 85 செ.மீ. என்று எழுதினால் மார்க். அந்த 85 எத்தனை மணி நேரத்தில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. செல்லூரில் தண்ணீர் நின்றது சராசரியால் இல்லை, அந்த 15 நிமிடத்தால்.

அப்போ செயற்கைக்கோளுக்கு அது தெரியலையா?

முதல் கேள்விக்கு வருவோம். இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் ஆகிய நம் வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. தலா அரை மணி நேரத்துக்கு ஒரு படம். இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்க வைத்தால் 15 நிமிடத்துக்கு ஒன்று. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று காட்டும் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளியின் அகலம் 4 கி.மீ. மேகம் எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது, கனமழைக்கு வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கலாம். மழையை அது நேராக அளப்பதில்லை.

ஆக, மதுரையின் அந்தக் கால் மணி நேரம் இரண்டு படங்களுக்கு நடுவே நடந்து முடிந்துவிடக் கூடியது. செல்லூர், அண்ணா நகர், கோரிப்பாளையம் எல்லாம் அந்தப் படத்தில் ஒன்றிரண்டு புள்ளிதான். வடகிழக்குப் பருவம் நாளை மறுநாள் வலுக்கும் என்று சொல்ல செயற்கைக்கோள் அற்புதமாக உதவும். எந்தத் தெருவில் எந்த நிமிடம் என்பதற்கு ரேடாரும், நெருக்கமாக வைத்த மழைமானிகளும் வேண்டும். தென்னந்தோப்பில் இறங்கி நடந்த மாதிரி, இங்கேயும் தரையில் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பள்ளி மாணவராகவும் இருக்கலாம். மழைமானி ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. மேலும் கீழும் ஒரே அகலம் உள்ள, அடி தட்டையான பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத மொட்டை மாடியில் வைத்து, தேங்கிய தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மில்லிமீட்டரில் மழை. தினம் காலை எட்டரைக்கு அளப்பது வானிலைத் துறையின் வழக்கம். கனமழை நாளில் கால் மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதினால் பிஷாரடியின் 100 மணி நேரக் கணக்கை உங்கள் தெருவுக்கே போட்டுவிடலாம். பக்கத்தில் அதே நேரத்து இன்சாட் படத்தை வைத்துப் பாருங்கள், பொருந்துதா என்று.

படம் எங்கே கிடைக்கும்? பிஷாரடி வேலை பார்த்த அதே அகமதாபாத் மையம் மோஸ்டாக் என்ற தளத்தில் இன்சாட் படங்களைப் பொதுவில் தருகிறது. நிலப் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொலைவழி வகுப்புகள் நடத்துகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் புவி மற்றும் வளிமண்டல அறிவியலுக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. 1942-ல் இந்த மனிதர் வானிலைத் துறைக்குள் நுழைந்தபோது இதில் ஒன்றுகூட இல்லை.

1989-ல், 80 வயதில், உலக வானிலை அமைப்பின் உயரிய விருதான ஐ.எம்.ஓ. பரிசு அவருக்குக் கிடைத்தது. 2002 செப்டம்பர் 24 அன்று, 93 வயதில் இறந்தார். அப்போது மோஸ்டாக்கும் இல்லை, புவனும் இல்லை. செயற்கைக்கோள் மேகப் படம் என்றால் நம் வீடுகளில் இரவுச் செய்தியின் கடைசியில் சில விநாடி காட்டுவார்களே, அதுதான்.